விளக்கம் சொல்லாமல் பத்து வசனம்

1956 நவம்பர் 26, திங்கட்கிழமை. பிலடெல்பியா நகரை ஒட்டிய அபிங்டன் உயர்நிலைப் பள்ளி. தினமும் காலை எட்டேகாலுக்கு அங்கே எல்லா வகுப்பறைகளிலும் ஒலிபெருக்கி பேசத் தொடங்கும். வானொலிப் பயிற்சி வகுப்பு மாணவர் ஒருவர் பைபிளிலிருந்து பத்து வசனம் படிப்பார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று பரமண்டல ஜெபம் சொல்ல வேண்டும். கொடி வணக்கம், அன்றைய அறிவிப்புகள், அப்புறம் முதல் பாடவேளை. அன்றைக்கு எல்லரி ஷெம்ப் என்ற 16 வயது மாணவர், ஒலிபெருக்கியில் வசனம் போய்க்கொண்டிருந்தபோதே இரவல் வாங்கி வந்திருந்த குர்ஆனைப் பிரித்து மனத்துக்குள் படித்துக்கொண்டிருந்தார். ஜெபத்துக்கும் எழுந்து நிற்கவில்லை. தலைமையாசிரியரிடம் அனுப்பப்பட்டார்.

ஏழு ஆண்டுகள் கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கின் தொடக்கம் இதுதான். அரசுப் பள்ளியில் பைபிளை வேதமாகக் கற்பிப்பதா, இலக்கியமாகக் கற்பிப்பதா என்று அந்த நாட்டில் இன்றுவரை நடக்கும் வாதம் எல்லாம் ஏதோ ஒரு இடத்தில் இந்த வழக்கைத் தொட்டே போகிறது. எனக்கு அந்த வழக்கில் பிடிபட்ட இடம் குர்ஆன் அல்ல. பென்சில்வேனியா மாநிலச் சட்டத்தின் வாசகம். ஒவ்வொரு பள்ளி நாளும் தொடங்கும்போது பைபிளிலிருந்து குறைந்தது பத்து வசனங்கள் படிக்கப்பட வேண்டும், விளக்கம் எதுவும் சொல்லாமல். 1913இலிருந்தே இருந்த சட்டம். படிக்கத் தவறும் ஆசிரியருக்கு வேலை போகும் என்றும் அது சொன்னது.

விளக்கம் சொல்லாமல்! தமிழ் படித்தவருக்கு இது விசித்திரமாகப் படும். நமக்கு மூலம் என்றால் பக்கத்தில் உரை இருக்க வேண்டும். திருக்குறளுக்குப் பதின்மர் உரை செய்தார்கள் என்று பழைய வெண்பா கணக்கு வைத்திருக்கிறது. மணக்குடவர் ஒரு பக்கம் இழுத்தால் பரிமேலழகர் இன்னொரு பக்கம் இழுப்பார். திருவாய்மொழியைத் தமிழ் வேதம் என்றே போற்றுகிற வைணவர்கள்தான் அதன் ஒவ்வொரு சொல்லையும் கிளறிக் கிளறி முப்பத்தாறாயிரப்படி ஈடு என்ற மலையை எழுப்பினார்கள். ஒரு பாட்டில் ஆழ்வார் ஏன் இந்தச் சொல்லைப் போட்டார், அந்தச் சொல்லை ஏன் விட்டார் என்று கேட்பது அவர்களுக்கு அபசாரமாகத் தோன்றவில்லை. பென்சில்வேனியாவின் சட்டமன்றத்தாருக்கோ விளக்கம்தான் ஆபத்து. மூலத்தை மட்டும் படித்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது, ஆசிரியர் வாயைத் திறந்தால்தான் சபைச் சண்டை வரும் என்று கருதினார்கள்.

அவர்களாக இட்டுக்கட்டிய கருத்தல்ல அது. 1837இல் மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் செயலாளரான ஹொரேஸ் மேன் அமெரிக்கப் பொதுப் பள்ளி முறைக்கு அடித்தளம் போட்டபோது எடுத்த சமரசம். சீர்திருத்தக் கிறிஸ்தவத்துக்குள் ஏகப்பட்ட சபைகள். ஒருவர் குழந்தை ஞானஸ்நானம் கொடுப்பார், இன்னொருவர் கூடாதென்பார். எல்லோர் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டுமானால் எந்தச் சபையின் கோட்பாடும் வகுப்பில் வரக்கூடாது. எல்லோருக்கும் பொதுவான பைபிள் மட்டும் வரட்டும், அது தானே பேசிக்கொள்ளட்டும். சபைகளுக்குள் இது ஓரளவு எடுபட்டது. அயர்லாந்திலிருந்து கத்தோலிக்கர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதும் சமரசத்தின் சாயம் வெளுத்தது.

வகுப்பில் படித்தது 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசரின் மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர்களுடையது டூவே மொழிபெயர்ப்பு. பின்னதில் இருக்கும் சில நூல்கள் முன்னதில் கிடையாது. அதற்கும் மேலே, திருச்சபையின் உரை இல்லாமல் ஒருவர் வேதத்தைத் தானே படித்துப் பொருள் கொள்ளலாம் என்பதே சீர்திருத்த இயக்கத்தின் கோட்பாடு. ஆக, விளக்கம் சொல்லாமல் படிப்பது என்ற ஏற்பாடே ஒரு தரப்பின் விளக்கம். 1842இல் பிலடெல்பியா ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் பள்ளி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளைப் படிக்க அனுமதியுங்கள் என்பதுதான் கோரிக்கை. ஊருக்குள் அது 'போப்பின் ஆட்கள் பள்ளியிலிருந்து பைபிளையே தூக்கச் சொல்கிறார்கள்' என்று திரிந்து பரவியது. 1844 மே மாதம் கென்சிங்டன் பகுதியில் கலவரம். புனித மிக்கேல் கோயிலும் புனித அகுஸ்தினார் கோயிலும் கொளுத்தப்பட்டன. அகுஸ்தினார் கோயிலை ஒட்டியிருந்த நூலகமும் எரிந்துபோயிற்று. ஜூலையில் மறுபடியும் மூண்டது. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ இருபது உயிர்கள். எந்த மொழிபெயர்ப்பை விளக்கமில்லாமல் படிப்பது என்ற கேள்வியோடு வந்தேறிகள் மீதான வெறுப்பும் கூலிப் போட்டியும் கலந்திருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பைபிள் மட்டும் அத்தனை நெருப்புக்கும் பொறுப்பல்ல.

பாஸ்டன் நகரில் எலியட் பள்ளியில் 1859 மார்ச்சில் நடந்தது அளவில் சிறியது, ஆனால் என்னை அதிகம் உறுத்துவது. தாமஸ் வால் என்ற சிறுவன், வயது பத்தோ பதினொன்றோ, பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொன்னபோது மாட்டேன் என்றான். கடவுளை மறுத்தவன் இல்லை. கோயிலுக்குப் போகிற பிள்ளை. பிரச்சினை எண்ணிக்கையில் இருந்தது. சிலைகளை உண்டாக்காதே என்பதைச் சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானவை இரண்டாம் கட்டளையாக எண்ணுகின்றன. கத்தோலிக்கர்கள் அதை முதல் கட்டளைக்குள்ளேயே அடக்கிவிட்டு, கடைசியில் வரும் 'இச்சியாதே' என்பதை இரண்டாகப் பிரித்துப் பத்தை நிரப்புகிறார்கள். சொரூபங்கள் நிறைந்த கோயிலில் வளர்ந்த பிள்ளையிடம், சிலை கூடாது என்பதைத் தனிக் கட்டளையாக உரக்கச் சொல் என்றால் அது வெறும் மனப்பாடம் ஆகாது. துணைத் தலைமையாசிரியர் பிரம்பால் அவன் உள்ளங்கைகளில் அடித்தார். இடைவெளி விட்டுவிட்டு அரைமணி நேரம். கடைசியில் சொன்னான். ஆசிரியர் மேல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அவரை விடுவித்தது.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த நுட்பம் விளங்கும். ஒரே நூல்தான். சீர்திருத்தச் சபை வீட்டில் அது பரிசுத்த வேதாகமம், முதல் புத்தகம் ஆதியாகமம், அதில் பேசுகிறவர் கர்த்தர். தெருமுனைக் கத்தோலிக்க வீட்டில் அது திருவிவிலியம், முதல் புத்தகம் தொடக்கநூல், பேசுகிறவர் ஆண்டவர். சங்கீதம் என்று சொல்லும் பிள்ளையும் திருப்பாடல் என்று சொல்லும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியர் எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு பிள்ளைக்கு அது வீட்டுப் பேச்சு, மற்ற பிள்ளைக்கு அடுத்த வீட்டுப் பேச்சு. மூன்றாவதாக ஒரு பிள்ளை இருக்கும், இரண்டுமே அந்நியமாகப் படுகிற பிள்ளை. ஷெம்ப் வழக்கில் அந்த மூன்றாவது பிள்ளையைப் பற்றிப் பேசியவர் சாலமன் கிரேசல் என்ற யூத அறிஞர். புதிய ஏற்பாட்டின் சில பகுதிகளை ஒரு விளக்கமும் இல்லாமல் அப்படியே படித்தால் யூதக் குழந்தையின் மனத்தில் காயம் ஏற்படும் என்று அவர் சாட்சி சொன்னார். பள்ளித் தரப்புச் சாட்சி யேல் இறையியல் கல்லூரி முன்னாள் தலைவர் லூதர் வைகிள். பைபிள் எந்தச் சபைக்கும் சார்பில்லாத நூல் என்றார். குறுக்கு விசாரணையில், சார்பில்லாதது என்று தாம் சொன்னது கிறிஸ்தவச் சபைகளுக்குள் என்ற பொருளில்தான் என்று ஒப்புக்கொண்டார். வழக்கின் முடிச்சு முழுவதும் அந்த ஒப்புதலில் இருக்கிறது.

1963 ஜூன் 17இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பள்ளியில் வழிபாடாகப் பைபிள் படிப்பது அரசியல் சட்டத்துக்கு முரண். எழுதியவர் டாம் கிளார்க், சபைக்கு ஒழுங்காகப் போய்வந்த பிரெஸ்பிட்டேரியன். அவரே தீர்ப்பில் ஒரு கதவைத் திறந்து வைத்தார். பைபிள் அதன் இலக்கியத் தகுதிக்காகவும் வரலாற்றுத் தகுதிக்காகவும் படிக்கத் தக்கது. சமயச் சார்பற்ற பாடத்திட்டத்தின் பகுதியாக, பாரபட்சமில்லாமல் கற்பித்தால் அதற்குத் தடையில்லை என்றார். இசைவுத் தீர்ப்பு எழுதிய ஆர்தர் கோல்ட்பெர்க், சமயத்தைக் கற்பிப்பது வேறு, சமயத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். வகுப்பறையை ஆயுளில் ஒருமுறையாவது பார்த்தவருக்குத் தெரியும், காகிதத்தில் அந்தப் பிரிவு எவ்வளவு சுலபம் என்று. 'பைபிள் இலக்கியமாக' என்ற தொடருக்கு இலக்கிய விமரிசனத்தில் நீண்ட வரலாறு இருந்தாலும், அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்குள் அது நுழைந்தது நீதிமன்றத்தின் வாசல் வழியாகத்தான். அதனால் அந்தச் சொல்லை அங்கே பலர் இலக்கிய ரசனையாகப் பிடிப்பதில்லை, வழக்கறிஞர் கொடுத்த குடையாகப் பிடிக்கிறார்கள்.

குடைக்குக் கீழே என்ன நடந்தது என்பதற்கு டென்னசியில் டேட்டன் என்ற சிற்றூர் நல்ல சான்று. 1925இல் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு நடந்த அதே ஊர். அந்த வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் பெயரால் அங்கே ஒரு கிறிஸ்தவக் கல்லூரி உண்டு. அந்தக் கல்லூரி மாணவர்கள் வாரம் அரைமணி நேரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்து பைபிள் பாடம் நடத்தினார்கள். ஐம்பத்தொரு ஆண்டுகள். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல்தான் அதைத் தடை செய்த தீர்ப்பை உறுதிசெய்தது. நிர்வாகத்தின் வாதம், நல்லொழுக்கம்தானே சொல்லிக்கொடுக்கிறோம் என்பது. மேற்கு வர்ஜீனியாவின் மெர்சர் மாவட்டத்தில் 1939இலேயே தொடங்கிய வகுப்புகள் 2017 வரை நடந்தன. அங்கே ஒரு பாடத்தில், ஆதாம் டைனோசர் ஒன்றின் முதுகில் ஏறிப் போவதைக் கற்பனை செய்து பாருங்கள் என்று குழந்தைகளிடம் சொல்லப்பட்டது. இதை இலக்கியம் என்று யாராவது வாதாடினால், சரி, கற்பனை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புளோரிடாவின் லீ மாவட்ட வழக்கு இவற்றைவிடச் சுவையானது. 'பைபிள் வரலாறு' என்ற பெயரில் இரண்டு பாடங்கள். 1998இல் நீதிபதி பழைய ஏற்பாட்டுப் பாடத்தைச் சில திருத்தங்களோடு நடக்க விட்டார். புதிய ஏற்பாட்டுப் பாடத்துக்குத் தடை போட்டார். இயேசு உயிர்த்தெழுந்ததை நடந்த வரலாறாக ஓர் அரசுப் பள்ளி எப்படிச் சொல்ல முடியும்? சட்டப்படி சரியான கேள்வி. செங்கடல் பிளந்ததை மட்டும் எப்படிச் சொல்வதாம் என்று நாம் கேட்கலாம். யூதர்களின் அற்புதம் பழங்கதைபோல வகுப்பில் நுழைந்துவிடுகிறது, கிறிஸ்தவர்களின் அற்புதம் வாசலில் நிறுத்தப்படுகிறது. எது இன்னும் சுடுகிறதோ அதைத்தான் நீதிபதியும் தொடத் தயங்கினார்.

டெக்சாஸ் 2007இல் சட்டமே இயற்றியது. உயர்நிலைப் பள்ளிகளில் எபிரேய வேதமும் புதிய ஏற்பாடும் விருப்பப் பாடமாகலாம், ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும், பாரபட்சம் கூடாது. தாளில் இதைவிட நல்ல சட்டம் எழுதுவது கடினம். மார்க் சான்சி என்ற சமயவியல் பேராசிரியர் 2011–12 கல்வியாண்டில் 57 பள்ளி மாவட்டங்களிலும் 3 தனிச் சாசனப் பள்ளிகளிலும் நடந்த பாடங்களின் திட்டங்கள், கேள்வித்தாள்கள், கையேடுகள் எல்லாவற்றையும் வாங்கிப் படித்தார். கேள்வித்தாளைத் தேடிப் போனாரே, அங்கேதான் அவர் கெட்டிக்காரர். பாடத்திட்டத்தின் முன்னுரையில் எவரும் நடுநிலை என்று எழுதிவிடலாம். கேள்வித்தாளில் வேஷம் கலைந்துவிடும். சில இடங்களில் நேர்மையான பாடங்கள் நடந்திருந்தன. வேறு சில இடங்களில் பூமிக்கு ஆறாயிரம் வயது. மனித இனங்கள் நோவாவின் மூன்று பிள்ளைகளிடமிருந்து பிரிந்தன என்று சொன்ன பாடமும் இருந்தது. அமெரிக்காவில் அடிமை முறைக்கு முட்டுக்கொடுக்க ஒரு காலத்தில் பயன்பட்ட அதே விளக்கம். ஆசிரியர்களில் பலருக்கு ஞாயிறு பள்ளி தவிர வேறு பயிற்சி கிடைத்திருக்கவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் இலக்கியக் கட்சிதான் சரி, வேதக் கட்சிதான் தப்பு என்று தீர்த்துவிட எனக்குத் தயக்கம் இருக்கிறது. இலக்கியக் கட்சிக்கு எதிரான கூர்மையான வாதம் இலக்கியத்துக்குள்ளிருந்தே வந்தது. 1935இல் டி. எஸ். எலியட் எழுதிய கட்டுரையில், பைபிளை ஆங்கில உரைநடையின் உச்சம் என்று மட்டும் கொண்டாடுகிறவர்கள் மீது கடும் எரிச்சலைக் காட்டினார். ஆங்கில இலக்கியத்தை அந்த நூல் பாதித்ததே அது இலக்கியமாகக் கருதப்படாமல் கடவுளின் வார்த்தையாகக் கருதப்பட்டதால்தான் என்பது அவர் வாதம். மெல்வில் 1851இல் தம் திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவனுக்கு ஆகாப் என்று பெயர் வைத்தார். அது தீர்க்கதரிசியை எதிர்த்து அழிந்த ராஜாவின் பெயர் என்று வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஃபாக்னரின் நாவல் தலைப்பில் அப்சலோம் என்ற பெயர் இரண்டு தடவை வருவது ஏன் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்டைன்பெக், டோனி மாரிசன், மார்ட்டின் லூதர் கிங்கின் மேடைப் பேச்சு என்று பட்டியல் நீளும். இந்த எழுத்தை எல்லாம் புரிந்துகொள்ளப் பைபிள் தெரிய வேண்டும் என்பதே இலக்கியக் கட்சியின் வலுவான வாதம். ஆனால் அவர்களுக்கு அது தெரிந்ததே நம்பியவர்கள் நடுவில் வளர்ந்ததால்தானே என்று எலியட் திருப்பிக் கேட்பார்.

இங்கே என் சொந்தப் பள்ளி நினைவு குறுக்கே வருகிறது. தமிழ்ப் பாடநூலின் செய்யுள் பகுதியில் தேவாரம் இருக்கும், திவ்வியப் பிரபந்தம் இருக்கும், உமறுப்புலவரின் சீறாப்புராணம், வீரமாமுனிவரின் தேம்பாவணி, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஏதாவது வந்துபோகும். வகுப்பில் யாரும் எழுந்து போனதில்லை. எந்தப் பெற்றோரும் வந்து கேட்டதில்லை. அமெரிக்கர்கள் ஒன்றரை நூற்றாண்டு அடித்துக்கொண்ட விஷயம் நம்மூரில் மனப்பாடப் பகுதிக்குள் ஓசைப்படாமல் அடங்கிக் கிடந்தது. காரணம், ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. எதுவும் தனியாக ஒலிபெருக்கியில் வரவில்லை. நபிகளின் வரலாற்றைச் சொல்லும் பாட்டும் சிவனைத் தொழும் பாட்டும் ஒரே புத்தகத்தில், ஒரே ஐந்து மதிப்பெண்ணுக்கு.

அதற்குக் கொடுத்த விலையும் நினைவிருக்கிறது. அணி இலக்கணம் கண்டுபிடி, இலக்கணக் குறிப்புத் தருக, சீர் பிரித்து எழுது. தேம்பாவணிப் பாட்டில் வளன் என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று கேட்டார்கள், சூசையப்பர் என்று எழுதினோம். அந்தத் தகப்பனின் தவிப்பு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மிஷன் பள்ளியில் மணியடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும் என்பார்கள்: கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்கு, மற்றவர்கள் நீதிபோதனைக்கு. எங்களுக்கு அந்தப் பிரிவினை வரவில்லை. பதிலாக, ஒருவன் நெஞ்சுருகிப் பாடியதை உருவக அணி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிற பழக்கம் வந்தது. எலியட் பயந்தது இதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டுக்கும் நடுவே வேறொரு வகுப்பு சாத்தியம். ஆதியாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகிற கதை. பத்தொன்பது வசனம்தான். 'ஆபிரகாமின் விசுவாசத்திலிருந்து நாம் கற்கும் பாடம் யாது?' என்று கேட்டால் அது வேதபாட வகுப்பு. 'இக்கதையில் பயின்றுவரும் உத்திகளைப் பட்டியலிடுக' என்பது எங்கள் செய்யுள் வகுப்பு. எரிக் அவுர்பாக் வேறு மாதிரி கேட்டார். நாஜி ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்டு இஸ்தான்புல்லில் இருந்தபடி எழுதி 1946இல் வெளியிட்ட 'மிமேசிஸ்' நூலின் முதல் அத்தியாயத்தில், ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துச் சொல்ல, இந்தக் கதை ஏன் இவ்வளவு மறைக்கிறது என்று யோசித்தார். கடவுள் எங்கிருந்து கூப்பிட்டார் என்பது கதையில் இல்லை. ஆபிரகாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்பதும் இல்லை. மூன்று நாள் நடக்கிறார்கள். வழியில் ஒரு மரம் உண்டா, பேச்சு உண்டா? ஒரு வார்த்தை கிடையாது. விறகை மகன் தோளில் வைத்துவிட்டு, நெருப்பையும் கத்தியையும் தகப்பன் எடுத்துக்கொள்கிறான். ஆபத்தான இரண்டையும் பிள்ளை கையில் தராத தகப்பன்! எந்தப் பலிக்குப் போகிறான் என்பதை நினைத்தால் அந்த அக்கறை குலை நடுங்க வைக்கும். மகன் கேட்பது ஒரே கேள்வி, ஆடு எங்கே என்று. தகப்பனின் பதில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. தாய் சாராளின் பெயர் அதிகாரம் முழுவதும் வரவே இல்லை. அடுத்த அதிகாரத்தில் அவள் சாகிறாள்.

இதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, தகப்பன் கையில் ஏன் கத்தி, சாராளிடம் யார் சொன்னது என்று கேட்கலாம். முஸ்லிம் மாணவி ஒருத்தி இருந்தால், எங்கள் வீட்டில் பக்ரீத் அன்று சொல்லும் கதையில் மகன் இஸ்மாயில், அவரிடம் தகப்பன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார் என்பாள். அவள் சொல்வது தகவல் பிழை அல்ல, இன்னொரு மரபு. சபைக்குப் போகிற பையன், கடவுள் கடைசியில் தடுத்தாரே என்று வாதாடட்டும். கடவுளே இல்லை என்கிற பையன், இப்படிக் கேட்கிற கடவுள் வேண்டாம் என்று சொல்லட்டும். மூவரும் ஒரே பத்தொன்பது வசனத்துக்குள் விரல் வைத்துக் காட்டி வாதாட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 'சார், இது நிஜமா நடந்ததா?' என்று ஒரு குரல் நிச்சயம் எழும். அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், கோடிக்கணக்கானோர் நடந்ததென்று நம்பி அதன்மேல் வாழ்வைக் கட்டியிருக்கிறார்கள் என்று மரியாதையோடு சொல்லி, வரலாற்றாய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் ஆசிரியர் வேண்டும். அப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் கிடைப்பார் என்று நான் நம்பவில்லை. கிடைக்காத ஊரில் பாடத்தை நடத்தாமல் இருப்பதே மேல்.

தொடக்கப் பள்ளியில் கூடவே கூடாது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு ஆசிரியை சொல்லும் கதைக்கும் ஆசிரியை நம்பும் கதைக்கும் வித்தியாசம் தெரியாது. டெக்சாஸ் இப்போது அந்த வயதுக்குத்தான் போகிறது. 2024 நவம்பரில் மாநிலக் கல்வி வாரியம் எட்டுக்கு ஏழு என்ற வாக்கில் 'புளூபானட்' என்ற பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மழலை வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான வாசிப்புப் பாடங்களில் மலைப்பிரசங்கம், எஸ்தர் ராணி, டா வின்சி ஓவியத்தின் வழியாக இயேசுவின் கடைசி இராவிருந்து. கட்டாயமில்லை; எடுத்துக்கொள்ளும் பள்ளிகளுக்கு மாணவர் ஒருவருக்கு 60 டாலர் வரை கிடைக்கும். காரணமாகச் சொல்லப்பட்டது பழையதுதான்: இலக்கியம், பண்பாடு.

ஓக்லஹோமாவில் மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் ரயன் வால்டர்ஸ் 2024 ஜூனில் ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை பைபிளைப் பாடங்களில் சேர்க்க உத்தரவிட்டார். அவர் சொன்னதும் வரலாறு, இலக்கியம் என்றுதான். பிறகு 55,000 பிரதிகளுக்கு டெண்டர் வந்தது. நம்மூர்க்காரர்கள் டெண்டர் நிபந்தனையை வைத்தே ஒப்பந்தக்காரர் யாரென்று சொல்லிவிடுவார்கள், அந்த வித்தை அங்கும் பலித்தது. ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். தோல் அல்லது தோல் போன்ற அட்டை. உள்ளேயே அமெரிக்க விடுதலைப் பிரகடனமும் அரசியல் சட்டமும் கொடி உறுதிமொழியும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். சந்தையில் அத்தனையும் பொருந்தியவை மிகச் சில. அவற்றுள் ஒன்று டொனால்ட் டிரம்ப் விளம்பரம் செய்த, 59.99 டாலர் விலையுள்ள பைபிள். கூச்சல் எழுந்ததும் நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். 2025இல் மாநில உச்ச நீதிமன்றம் கொள்முதலை நிறுத்திவைத்தது. வால்டர்ஸ் பதவி விலகினார். அடுத்து வந்தவர் உத்தரவையே திரும்பப் பெற்றார். இலக்கியம் கற்பிக்க நினைக்கும் ஆசிரியர் கேட்டு வாங்குவது இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளையும் நல்ல குறிப்புரையையும்தான். தோல் அட்டையை அல்ல.

லூசியானா வகுப்பறை தோறும் பத்துக் கட்டளைகளை மாட்ட 2024இல் சட்டம் செய்தது. குறைந்தது 11 அங்குலத்துக்கு 14 அங்குலம், தெளிவாகப் படிக்கும் எழுத்தில், சட்டத்திலேயே அச்சிட்ட வாசகத்தில். கென்டக்கியில் இதே மாதிரிச் சட்டத்தை 1980இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஆனால் 2022இல், ஆட்டம் முடிந்து மைதானத்தில் ஜெபம் செய்த கால்பந்துப் பயிற்சியாளரின் வழக்கில் அந்த நீதிமன்றம் பழைய அளவுகோலைக் கைவிட்டு, இனி வரலாற்றையும் மரபையும் பார்த்து முடிவு செய்வோம் என்றது. அதற்குப் பிறகுதான் மாநிலங்களுக்குத் துணிச்சல் வந்திருக்கிறது. எந்த வரலாறு என்பதை யாராவது அவர்களிடம் கேட்க வேண்டும். பிலடெல்பியாவில் எரிந்த நூலகமும் அந்த நாட்டின் வரலாறுதான். லூசியானா சுவரில் தொங்க வேண்டிய வாசகமும் ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பைத் தழுவியதே. தாமஸ் வால் இன்று அந்த வகுப்பில் இருந்தால் அடி விழாது. சுவரை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், விளக்கம் கேட்க ஆள் இல்லாமல்.

ஆதியாகமக் கதையின் கடைசி வசனத்தில் ஆபிரகாம் தன் வேலைக்காரர்களிடம் திரும்பி வருகிறான், எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். ஈசாக்கின் பெயர் அங்கே இல்லை. பையன் எங்கே? யூத ரபிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்துவிட்டார்கள். தகப்பன் அவனை நோவாவின் மகன் சேமிடம் வேதம் படிக்க அனுப்பிவிட்டார் என்று ஒருவர் உரை சொன்னார். அவன் மெய்யாகவே பலியாகி, பிறகு உயிர்பெற்றான் என்றும் ஒரு மரபு உண்டு. ஒரு சொல்லைக்கூடக் கடவுள் வீணாக விடமாட்டார் என்று நம்பியதால்தான் இல்லாத பெயர் அவர்கள் கண்ணில் பட்டது. அபிங்டன் பள்ளி ஒலிபெருக்கியிலும் என்றாவது ஒரு காலை இந்த அதிகாரம் வந்திருக்கலாம். வந்திருந்தால் பத்து வசனம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றிருப்பார்கள்.